கருடனும் லட்சுமி நோயும்

நானும் என் கணவரும் உயிரியல் ஆசிரியர்கள். அவர் விலங்கியல், நான் தாவரவியல். மேல்நிலை வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, எங்கள் குடித்தனத்தையும் அப்படியே பிளந்துவிட்டார்கள். பல்லி, கரப்பான், எலி எல்லாம் அவர் பொறுப்பு. கீரை, காய்கறி, துளசிச் செடி, குளியலறைச் சுவரில் படர்கிற பூசணம் எல்லாம் என் பொறுப்பு. பூசணம் தாவரமே கிடையாது என்று நான் வருஷா வருஷம் வகுப்பில் நடத்துவது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சுவரைத் தேய்க்கச் சொன்னால், “அது ஒன் டிபார்ட்மெண்ட்லா” என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் மற்ற வீட்டு ஆண்கள் கறிக்கடை வரிசையில் நிற்பார்கள். இவர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் பருந்து பார்க்கப் போவார். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். செம்பருந்து என்று பாடப்புத்தகத்தில் சொல்கிற, ஊரில் எல்லோரும் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற, வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக இருக்கிற அந்தப் பறவைதான் அவருக்கு உயிர். “அந்தக் கண்ணைப் பாரு. அம்புட்டு ஒசரத்துல இருந்து தண்ணிக்குள்ள மீனு பெரளுதது தெரியுது. என்ன வேட்டை, என்ன கம்பீரம்!” என்பார். நானும் பார்ப்பேன். ஒருமுறை அது அத்தனை கம்பீரமாகச் சுற்றிச் சுற்றி இறங்கி, சரேலென்று பாய்ந்து தூக்கிக்கொண்டு போனது, துவைக்கிற கல்லில் யாரோ போட்டுவிட்டுப் போன சோப்பு உறையை. நான் சிரித்த சிரிப்பில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மட்டும் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல், “கூடு கட்டுததுக்கு எடுத்துட்டுப் போகுது” என்றார். அது கூடு கட்டுகிற மாதமே இல்லை.

விட்டுக்கொடுக்கிற குணம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அவர் பருந்துக் கட்சி என்றால் நான் பூசணக் கட்சி. அதிலும் நெல் வயலில் வருகிற ஒரு பூசணம் இருக்கிறது. கதிரில் நெல்மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பட்டுத் துணியில் செய்தது போல ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கும். நாளாக ஆகப் பச்சையாகி, கறுத்து, தொட்டால் மாவாகக் கையில் ஒட்டும். நெற்பழ நோய் என்று விவசாயப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு லட்சுமி நோய் என்று பெயர். அது வந்த வருஷம் விளைச்சல் அள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

அதன் வேட்டைதான் வேட்டை என்பது என் வாதம். அதற்குக் கண் கிடையாது, நகம் கிடையாது, வாய்கூடக் கிடையாது. கதிர் வெளியே வருவதற்கு முன்னால், பயிர் பொதி கட்டி நிற்கிற சமயத்தில், மழைத் தண்ணியோடோ பனியோடோ பைய உள்ளே இறங்கிவிடும். நெல் பூவுக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பூ தான் சூல் கொண்டுவிட்டதாக நினைக்கும்படி செய்துவிடும். பயிரும் ஏமாந்துபோய், மணிக்கு ஊட்ட வேண்டிய பாலை எல்லாம் இதற்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். பருந்து பிடித்த கோழிக்குஞ்சாவது கத்தும். இங்கே பிடிபட்டதே தெரியாமல் நெல் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும். என் கணவர் கொட்டாவி விடுவார்.

இந்தச் சண்டை எங்கள் வீட்டோடு இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை அக்கா வீட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குக் கொண்டுபோனதுதான் வினை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது சீவலப்பேரிப் பக்கம். அத்தான் விவசாயி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தலையில் கட்டிய துண்டை என்னைப் பார்த்ததும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். நான் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை. பசு மாடு பால் குறைத்தாலும், டி.வி. படம் தெரியாவிட்டாலும், அக்காவுக்குக் கால் மரத்துப்போனாலும் எனக்குத்தான் போன் வரும். தாவரவியலுக்கும் டி.வி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், “படிச்சவுகளுக்குத் தெரியாதா” என்பார். ஊரில் அவருக்கு இருந்த ஒரே பெருமை, கொழுந்தியா டீச்சராக இருப்பதுதான்.

அந்த வருஷம் பிசானப் பூவில், கார்த்திகையில் நட்டுப் பங்குனியில் அறுக்கிற போகத்தில், இரண்டாவதாக ஒரு பெருமை சேர்ந்தது. அவருடைய வயலை வேளாண்மைத் துறைக்காரர்கள் விதைப் பண்ணையாக எடுத்துக்கொண்டார்கள். அதாவது அதில் விளைகிற நெல் அரிசியாகப் போகாது, அடுத்த பூவுக்கு மற்றவர்கள் விதைக்கிற விதையாகப் போகும். அறுப்புக்கு முன்னால் அதிகாரி வந்து வயலைப் பார்ப்பார். பயிர் சுத்தமாக இருந்தால்தான் விதையாகும், இல்லாவிட்டால் சாதாரண நெல்தான். வரப்பில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் அத்தான் பேரைப் போட்டு, கீழே விதைப் பண்ணை என்று எழுதி நட்டிருந்தார்கள். அக்கா கல்யாணப் போட்டோவில்கூட அவர் அப்படி நிமிர்ந்து நிற்கவில்லை. அந்தப் பலகை பக்கத்தில் நின்று எடுத்த படம் எனக்கு வாட்ஸாப்பில் ஐந்து தடவை வந்தது. “இது மட்டும் தேறிட்டுன்னா வருஷா வருஷம் நம்ம வயலுதான்னு சொல்லியிருக்காக டீச்சர்” என்றார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த வயலை ஊரில் களிமண் காடு என்று கேலி பேசுவார்கள். அந்த வாயை எல்லாம் அடைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தியில் என் கணவர் பருந்தை ஆரம்பித்தார், நான் பூசணத்தை ஆரம்பித்தேன். கூட்டும் பொரியலும் ஆறிப்போயிற்று. அத்தான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் எழுந்துபோய் ஊர் இளைஞர் மன்றத்தில் சொல்லிவிட்டார். மறுநாள் பட்டிமன்றத்துக்கு வழக்கமாக வைக்கிற மாமியாரா மருமகளா தலைப்பு அவர்களுக்கே அலுத்துப்போயிருந்தது. சாயங்காலம் வாக்கில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: “வேட்டையில் வல்லது வானத்துக் கருடனா, வயலுக்குள் பூசணமா? டீச்சர் தம்பதியர் மோதுகிறார்கள்.” மோதுகிறார்கள் என்று கேட்டதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று மணிக்குப் பந்தலில் கூட்டம். நடுவர், ஊரில் ஓய்வு பெற்ற தபால்காரர். என் கணவர் பைனாகுலரோடு மேடை ஏறினார். நன்றாகத்தான் பேசினார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கருடன் பெருமாளைச் சுமக்கிறது, கும்பாபிஷேகத்தில் அது வட்டமிட்டால்தான் கலசத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றார். சொல்லி வைத்தது போல மேலே ஒரு கருடன் பறந்தது. கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது. நான் பொதி, பூ, பால் என்று அழகாக அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் இனி யார் கேட்பார்கள்?

எழுந்து மைக்கைப் பிடித்தேன். முதல் வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். “உங்க வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போனது யாரு?” என்று கேட்டேன். “கருடந்தான்!” என்று நாலைந்து குரல். “தூக்கிட்டுப் போனதுக்குப் பதிலா எதையாவது வச்சிட்டுப் போச்சா?” சிரிப்பு. “எங்க ஆளு அப்படி இல்ல. கதிருக்கு நாலு நெல்லை எடுத்துக்கிடும், வயலுக்கே விளைச்சலைக் கொடுத்துட்டுப் போகும். லட்சுமின்னு பேரு சும்மாவா வச்சாக? வயலுக்கு வந்த லட்சுமிய வெரட்டுதவன் உண்டா?” கைதட்டலில் பந்தல் ஆடியது. அத்தான் முதல் வரிசைக்குப் பின்னால் எழுந்து நின்று தட்டினார்.

உண்மையில் பாதியைத்தான் சொன்னேன். லட்சுமி நோய் விளைச்சலைக் கொடுப்பதில்லை. நல்ல மழையும் நல்ல உரமும் கிடைத்த வருஷத்தில் பயிரும் கொழிக்கும், அதே ஈரத்தில் பூசணமும் கொழிக்கும். இரண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்து, அது வந்ததால்தான் இது வந்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பிடித்த மணி போனது போனதுதான், பக்கத்து மணிகளும் பதராகும். இது எனக்குத் தலைகீழாகத் தெரியும். சொன்னால் கைதட்டல் நின்றுபோகும் என்பதும் தெரியும். அதனால் அந்தப் பாதியை விழுங்கிவிட்டேன்.

நடுவர் தீர்ப்புச் சொல்ல எழுந்தார். “கருடன் பெருமாளுக்கு வாகனம். லட்சுமி பெருமாளுக்குச் சம்சாரம். வாகனத்த வாசல்ல நிறுத்திப் பூட்டிரலாம். சம்சாரத்த அப்படி நிறுத்த முடியுமாவே?” என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். அவர் முடியாது என்று தலையாட்ட, பூசணம் ஜெயித்தது. எனக்கு ஒரு துண்டும் எவர்சில்வர் தூக்குவாளியும் கொடுத்தார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தத் தூக்கை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன்.

தை கடைசியில் காலம் தவறி நாலு நாள் மழை பெய்தது. அத்தான் வயல் பொதி கட்டி நிற்கிற நேரம். மற்ற வருஷங்களில் அந்தச் சமயத்தில் நானே போன் பண்ணி, மருந்து தெளித்தாயிற்றா என்று கேட்பேன். கதிர் வருவதற்கு முன்னால் தெளித்தால்தான் அந்தப் பூசணம் அடங்கும், உருண்டை வெளியே தெரிந்த பிறகு தெளிப்பது வீண். அந்த வருஷம் செய்முறைத் தேர்வுக்கு என்னை வேறு பள்ளிக்கூடத்துக்குப் போட்டிருந்தார்கள். அதோடு, விதைப் பண்ணை வைத்திருப்பவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பது மரியாதையான வார்த்தை. மறந்துபோனேன்.

மாசி நடுவில் அக்காவிடமிருந்து போன். “ஏட்டி, எங்க வயல்ல லட்சுமி வந்துட்டாளாம். உங்க அத்தான் ஊரைக் கூட்டிக் காட்டிக்கிட்டு இருக்காக. ஞாயித்துக்கிழமை வரப்புல பொங்கல் வைக்கப் போறாகளாம். நீதான் தேங்காய் ஒடைக்கணுமாம்.” பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், “ஒங்க கட்சித் தலைவி விஜயம் பண்ணியிருக்கா போலுக்கே” என்றார். அவரை அப்போது என்ன சொல்லித் திட்டினேன் என்பது எழுத்தில் வராது.

ஞாயிறு காலை போய் இறங்கினோம். வரப்பில் பதினைந்து பேர் நின்றார்கள். மூன்று கல் வைத்துச் சர்க்கரைப் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. பலகைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். வயலுக்குள் இறங்கி ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று உருண்டை. அடுத்ததில் ஐந்து. உள்ளே போகப் போக எல்லாக் கதிரிலும் இருந்தது. நான் வகுப்பில் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் ஆசை ஆசையாக வரைகிற அதே மஞ்சள், அதே பச்சை. இதில் ஒரு மணியைக்கூட விதையாக யாரும் எடுக்க மாட்டார்கள். அதிகாரி வருவது புதன்கிழமை.

“டீச்சர், தேங்காயை ஒடைங்க” என்றார் அத்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உடைத்தேன். பூசணத்துக்குத் தேங்காய் உடைத்த தாவரவியல் ஆசிரியை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சரிபாதியாக உடைந்தது என்று அதற்கு வேறு ஒரு குலவை. மேலே கருடன் இரண்டு சுற்றிக்கொண்டிருந்தன. அறுப்பு நெருங்குகிற வயலில் எலி நடமாட்டம் இருக்கும், அதற்காக வந்திருக்கும் என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். கூட்டம் அதையும் கும்பிட்டது. மேலே இருந்த வேட்டைக்காரன், இத்தனை பேர் கையெடுத்துக் கும்பிட்டும்கூடத் தன் எலியை மறக்கவில்லை; கீழே இருந்தவளும் தன் பாலை மறக்கவில்லை. இடையில் நின்று பொங்கல் தின்றுகொண்டிருந்தது நாங்கள்தான்.

எல்லோரும் கலைந்த பிறகு அத்தானை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனேன். மோட்டார் கொட்டகை நிழலில் நிற்க வைத்து, “அத்தான், நான் அன்னைக்கு மேடையில சொன்னது பாதிதான். ஜெயிக்கணும்னு சொன்னேன். இது லட்சுமி இல்ல, நோய். விதை தேறாது” என்றேன்.

அவர் திடுக்கிடுவார் என்று நினைத்தேன். அவர் கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே காட்டினார். அலமாரியில் மருந்து பாட்டில் மூடி பிரிக்காமல் இருந்தது.

“தை கடைசிலேயே வாங்கிட்டேன் டீச்சர். இத்தன வருசமா நீ போன்ல சொன்னதுதான, எனக்குத் தெரியாதா? டாங்கை முதுகுல மாட்டிக்கிட்டுக் கெளம்பினேன். டீக்கடைல பத்துப் பேரு. ‘என்ன அண்ணாச்சி, லட்சுமிய வெரட்டப்படாதுன்னு ஒம்ம கொழுந்தியா மைக்குல சொல்லுதா, நீரு மருந்தோட போறீரு? அப்ப டீச்சர் சொன்னது பொய்யா?’ன்னு கேட்டானுவ. நான் என்னத்தச் சொல்ல? வெயிலு ஏறிட்டுன்னு சொல்லித் திரும்பி வந்துட்டேன்.”

“பெறகு தெளிச்சிருக்கலாம்லா அத்தான்.”

“எப்பம் போனாலும் அந்தக் கடை வழியாத்தான போணும்.”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “அப்ப இந்தப் பொங்கல் எதுக்கு?” என்று கேட்டேன். “வந்தது வந்துட்டு. நீ சொன்னபடியே வந்துருக்குன்னு ஊரு சொல்லட்டுமே. பலகையப் பத்தி நெனைக்காத. மழை ஜாஸ்தி, அதான் தேறலன்னு சொல்லிக்கிடுவோம்” என்றார். பிறகு, பொங்கல் இறுகிவிடும், வா என்று நடந்தார்.

திங்களும் செவ்வாயும் எனக்கு வகுப்பு ஓடவில்லை. அத்தான் போட்டுக்கொடுத்த வழி சுலபமானது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது கால்வாயின் கடைசியில் இருக்கிற வயல்களைப் பார்த்திருந்தேன். தண்ணீர் பிந்தி வந்ததால் பிந்தி நட்டவர்கள். அங்கே பயிர் அப்போதுதான் பொதி கட்டியிருந்தது. அவர்களும் பந்தலில் கைதட்டியவர்கள்தான். இன்னும் ஒரு வாரத்துக்குள் தெளித்தால் பிழைக்கும், லட்சுமிக்காகக் காத்திருந்தால் போகும். என் கணவரிடம் சொன்னேன். அவர் முதல்முறையாகக் கேலி பேசாமல், “புதன்கிழமை லீவு போடு” என்றார்.

புதன்கிழமை காலை அதிகாரி வந்தார். சின்னப் பெண். ஸ்கூட்டியை மேட்டில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றி வயலுக்குள் இறங்கினார். கால்வாய் கடைசி வயல்காரர்கள் உட்பட ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அதிகாரி அங்கங்கே கதிரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போய், மேலே வந்து, விரலில் ஒட்டிய பச்சை மாவைப் புல்லில் துடைத்தார். “இவ்வளவு நல்லா வந்த பயிரு. பொதிப் பருவத்துல மருந்து அடிக்கலையா ஐயா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தமாகக் கேட்டார்.

“மழைல விட்டுப்போச்சும்மா. என் தப்புதான்” என்றார் அத்தான். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

“அவுக தப்பு இல்ல” என்றேன். குரல் மேடையில் வந்தது போலவே பெரிதாக வந்துவிட்டது. “அவுக மருந்து வாங்கித்தான் வச்சிருந்தாக. நான் பட்டிமன்றத்துல கைதட்டுக்காகப் பாதிப் பொய் சொன்னேன். லட்சுமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது நோய். கடைசி வயல்காரங்க யாரும் இன்னும் தெளிக்கலைன்னா இந்த வாரமே தெளிச்சிருங்க. கருடனாவது குஞ்சத் தூக்குதப்பம் கண்ணுக்குத் தெரியும். இது தெரியும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்.”

அத்தானின் முகம் கறுத்துப்போனது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பலகை பக்கத்தில் போய், இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினார். மண்ணோடு வந்தது. “எடுக்க வேண்டாம் ஐயா, நாங்களே எடுத்துக்குவோம்” என்று அதிகாரி சொன்னது அவர் காதில் விழவில்லை.

“ஒரு பூ போனா அடுத்த பூவுல பாத்துக்கிடலாம்” என்று என்னிடம் வந்து அடிக்குரலில் சொன்னார். “ஊரு ஒன் சொல்ல நம்புச்சு. அதுக்குத்தான நான் இதை விட்டேன். அதையும் நீயே போட்டு ஒடச்சிட்டியே. அத எங்கன போயி வாங்கட்டும்?”

அவர் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் நடக்க ஆரம்பித்தார்.

அதற்குள் கால்வாய் கடைசி வயல்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்து, அதன் தாளைப் பிரித்து, பேனாவோடு என் முன்னால் நீட்டினார். “டீச்சரம்மா, எந்த மருந்து, டாங்குக்கு எம்புட்டு, எழுதித் தாங்க. இன்னைக்கே அடிச்சிருதேன்” என்றார்.

“நான் சொன்னேன்னு எதையும் செய்யாதீங்க அண்ணாச்சி. நான்தான் பொய் சொன்னேன்னு இப்பத்தான சொன்னேன்? அந்தா அதிகாரி நிக்காக, அவுககிட்ட கேளுங்க” என்றேன்.

“அது சின்னப் பிள்ளைலா” என்றார் அவர். “நீங்க மைக்குல பேசினவுக.”

அவர் கேலி செய்யவில்லை, மெய்யாகவே சொன்னார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, பயம்தான் வந்தது. தாளை வாங்கி எழுதி, அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அளவில் ஒன்றைத் திருத்தினார். என் அளவு தப்பாகத்தான் இருந்திருக்கிறது. திருத்திய தாளை வயல்காரர் கையில் கொடுத்து, யார் திருத்தியது என்பதையும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, அத்தானைப் பிடிக்க ஓடினேன்.

அவர் பாதி தூரம் போயிருந்தார். நான் பின்னால் வருவது சத்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். நிற்கவில்லை, திரும்பவுமில்லை. மடை தாண்டுகிற இடத்தில் மட்டும் நடையைக் குறைத்தார்.

“வரப்பு வழுக்குது. பைய வா” என்றார்.

அதற்குப் பிறகு சித்திரை பிறக்கிற வரைக்கும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.